கூடலூரிலிருந்து மதுரைக்கு எத்தனை நிமிடம்?

திராட்சைத் தோட்டத்தில் கவாத்து பண்ணிக்கொண்டிருப்பவருக்கு நெஞ்சை அடைக்கிறது, இடதுகை கனக்கிறது, வியர்த்து ஊற்றுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: "வாயுப் பிடிப்புண்ணே, ஒரு சோடா குடிங்க." சோடாவுக்கு ஏப்பம் வரும். அரைமணி போய்விடும்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து வழியை மூடுவதுதான் மாரடைப்பு. மடை அடைத்தால் கடைமடை வயல் வாடுவதுபோல, அடைப்புக்கு அப்பாலுள்ள தசை அரைமணியிலேயே சாகத் தொடங்கும். செத்த தசை மறுபடி முளைக்காது, தழும்புதான் மிஞ்சும்.

பலூன் விட்டு அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைப்பதே சிறந்த வைத்தியம். ஆனால் நோய் தெரிந்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் அது நடக்க வேண்டும். கூடலூரிலிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி எல்லாம் தாண்ட வேண்டும். கணக்கு உதைக்கிறது.

கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லாசரி முதலிய இதய மருத்துவர்கள் கணக்கையே மாற்றிப் போட்டார்கள். பெரிய மருத்துவமனை ஒன்றோடு சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளைக் கோர்த்தார்கள். நெஞ்சுவலியோடு வருபவருக்குச் சிறிய மருத்துவமனையிலேயே இசிஜி எடுப்பார்கள். கூர்முனை இறங்கிய பிறகும் கோடு அடிமட்டத்துக்கு வராமல் மேலேயே நின்றால் தமனி முழுதாக அடைத்திருக்கலாம். அந்தக் கோட்டை எங்கோ இருக்கும் நிபுணர் பார்த்துச் சொல்ல, உறைகட்டியைக் கரைக்கும் ஊசி அருகிலேயே போடப்படும். ஆஞ்சியோவுக்கு அதன்பின் 3 முதல் 24 மணி நேரம் அவகாசம் கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டைத் தமிழ்நாட்டில் 2,420 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2017-ல் வெளியானது: ஓராண்டுக்குள் இறப்போர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். கைராசி டாக்டரைத் தேடி அலையும் நமக்கு இது உறைக்க வேண்டும். இங்கே உயிர் காத்தது ஏற்பாடு.

2023 முதல் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. நாமாக வாங்கி விழுங்குவதற்கு அல்ல. இசிஜி பார்த்து டாக்டர் தருவது. நெஞ்சு அடைத்தால் பைக்கை எடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். சோடாவை அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.