பழைய ஆடியோ செட் வீடு பூரா குவிஞ்சு கிடக்குதா? எதை முதல்ல விக்கணும், எதை விக்கவே கூடாது?

தங்கம், எஃப்டி, மியூச்சுவல் ஃபண்ட் பற்றி நிறைய பேசிட்டோம். இன்னைக்கு வீட்டுல தூசி படிஞ்சு கிடக்கிற ஒரு "சொத்து" பற்றிப் பார்க்கலாம்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை. பரண் மேல ஒரு வால்வு ரேடியோ, பீரோ பக்கத்துல கேசட் டெக், கட்டிலுக்கு அடியில ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸ். காரணம் துறைமுகம்தான். 1991-ல் பொருளாதாரக் கதவு திறக்கிறதுக்கு முன்னாடி, ஃபாரின் செட்டை ஷோரூம்ல போய் சாதாரணமா வாங்கிட முடியாது. கப்பல் வேலையில இருந்தவங்க, கல்ஃப், சிங்கப்பூர் போய் வந்தவங்க கொண்டு வந்தாதான் உண்டு. இல்லன்னா பர்மா பஜார். பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் உருவான அந்தக் கடை வரிசை, ராயபுரத்துக்கு கூப்பிடு தூரத்துல பீச் ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு. அப்பாக்கள் அப்படிச் சேர்த்த ஒண்ணு ரெண்டு செட்டு மேல, இப்போ பிள்ளைங்க ஆன்லைன்ல டர்ன்டேபிள், ஆம்ப்ளிஃபையர்னு சேர்த்துக்கிட்டே போறாங்க. கேட்டா "இது இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ, விலை ஏறும்" அப்படின்னு பதில்.

ஏறுமா? சில மாடல்களுக்கு ஏறும். ஆனா பெரும்பாலான டூ-இன்-ஒன், மியூசிக் சிஸ்டம், பேர் தெரியாத ஆம்ப்ளிஃபையருக்கு ஏறாது. ஏறுற பொருளாவே இருந்தாலும், விக்காத வரைக்கும் அது உங்க கற்பனையில இருக்கிற விலைதான்.

இதுக்கு ஒரு எளிய டெஸ்ட் இருக்கு. இந்த செட் உங்ககிட்ட இல்லை, கையில அதே அளவு பணம் இருக்குன்னு வச்சுக்கோங்க. இன்னைக்குப் போய் இதை வாங்குவீங்களா? 1990-ல் கான்மன், நெட்ச், தேலர் மூணு பேரும் சேர்ந்து ஒரு பிரபலமான பரிசோதனையை வெளியிட்டாங்க. மாணவர்கள்ல பாதிப் பேருக்கு ஒரு காபி கப்பை சும்மா கொடுத்தாங்க. கப் கிடைச்சவங்க அதை விக்கக் கேட்ட விலை, கப் இல்லாதவங்க கொடுக்கத் தயாரா இருந்த விலையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. சில நிமிஷம் கையில இருந்த கப்புக்கே இந்தக் கதி. இருபது வருஷம் வீட்டுல இருந்த டெக்குக்கு உங்க மனசு என்ன விலை போடும்னு சொல்லவே வேணாம்.

வச்சிருக்கிறதுக்கும் காசு ஆகுது

400 சதுர அடி வீட்டுக்கு வாடகை 12,000 ரூபாய்னு வச்சுப்போம். ஒரு சதுர அடிக்கு மாசம் 30 ரூபாய். செட்டுங்க 40 சதுர அடி பிடிச்சா மாசம் 1,200, வருஷத்துக்கு 14,400. "அதைக் காலி பண்ணினா ஓனர் வாடகையைக் குறைப்பாரா?" குறைக்க மாட்டார், நியாயமான கேள்விதான். ஆனா "இடம் பத்தல, பெரிய வீடு பார்க்கலாம்" அப்படின்னு பேச்சு ஆரம்பிச்சதும் இந்தக் கணக்கு நிஜமாயிடும். 4,000 ரூபாய் கூடுதல் வாடகை கொடுத்து, ஓடாத ஸ்பீக்கருக்கு ரூம் போட்டுக் கொடுப்பீங்க.

இன்னும் மோசமானது கிரெடிட் கார்டு. 40,000 ரூபாய்க்கு டர்ன்டேபிள் வாங்கி, மினிமம் ட்யூ மட்டும் கட்டிட்டு வர்றீங்கன்னா, மாசம் 3.5% வட்டியில 1,400 ரூபாய் வட்டி, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி 252 ரூபாய். எந்தப் பழைய டர்ன்டேபிளும் மாசம் 1,652 ரூபாய் விலை ஏறாது.

நம்ம ஏரியாவுக்குன்னு தனியா ஒரு செலவு இருக்கு, அது உப்புக் காத்து. வால்யூம் குமிழைத் திருப்பினா வர்ற கரகரப்பு, பச்சை பூத்த பின், துரு ஏறின சேஸிஸ் எல்லாம் அதோட வேலை. இதுல பெல்ட் கூழாகும், ஸ்பீக்கர் ஓரத்து ஃபோம் உதிரும், கெப்பாசிட்டர் காய்ஞ்சு போகும். தரைத்தளத்துல இருக்கிறவங்களுக்கு வெள்ளம் வேற. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணியே வீட்டுக்குள்ள வந்துச்சு. கட்டிலுக்கு அடியில வச்ச ஸ்பீக்கர் பாக்ஸ் அதுக்கப்புறம் வெறும் விறகு.

செட்டைத் தொடுறதுக்கு முன்னாடி கேசட்

பலரும் சறுக்குற இடம் இது. முதல்ல டெக்கை வித்துடுவாங்க, ஆறு மாசம் கழிச்சு ஒரு பை நிறைய கேசட் கிடைக்கும், போட்டுக் கேக்க மெஷின் இருக்காது.

எல்லா கேசட்டையும் சொல்லல. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு எல்லாம் ஃபோன்லயே கிடைக்குது, அதுக்கு நேரம் செலவழிக்காதீங்க. வீட்டுல பதிவு பண்ணினதைத் தேடுங்க. ஃபோன் பேசுறது யானை விலையா இருந்த காலத்துல, கல்ஃப்ல இருந்தவங்களுக்கு பல குடும்பங்கள் கேசட்டுலதான் பேசி அனுப்பினாங்க. ஆயாவோட குரல், அத்தை கல்யாணத்து நாதஸ்வரம், நீங்க மழலையில பாடினது இதெல்லாம் அந்த ஒரே ஒரு காப்பிதான். டெக்கை எப்போ வேணா ரிச்சி ஸ்ட்ரீட்டுல தேடி இன்னொண்ணு பிடிக்கலாம். இந்தக் குரலை எங்கேயும் வாங்க முடியாது.

வேலை ரொம்ப சுலபம், பொறுமைதான் வேணும். கேசட் மேல்பக்கம் இருக்கிற ரெண்டு சின்ன பிளாஸ்டிக் காதை முதல்ல உடைச்சிடுங்க, தவறிப்போய் ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. டெக் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைங்க. டெக்கோட லைன் அவுட்ல இருந்து ஒரு சின்ன யுஎஸ்பி சவுண்ட் கார்டு வழியா லேப்டாப்புக்கு இணைச்சு, ஆடாசிட்டினு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல பதிவு பண்ணுங்க. டேப்புல வெள்ளையா பூஞ்சை தெரிஞ்சா ஓட்டாதீங்க, டெக்குக்கும் மத்த கேசட்டுக்கும் பரவும். சி-60 கேசட்டுக்கு முழுசா ஒரு மணி நேரம் ஆகும், வேகமா ஓட்டவும் முடியாது. 30 கேசட் இருந்தா, ராத்திரிக்கு ஒண்ணுன்னு ஒரு மாசம். அது முடியுற வரைக்கும் நல்லா ஓடுற டெக் ஒண்ணு வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது.

இன்னொண்ணு, அப்பா இறந்துட்டார், உயில் இல்லைன்னா அவர் வாங்கின செட் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மா, அக்கா, தம்பி எல்லாருக்கும் அதுல பங்கு இருக்கு. சட்டத்தை விடுங்க, அம்மாவைக் கேக்காம அந்த ரேடியோவை வித்துப் பாருங்க, வீட்டுல சோறு கிடைக்காது. குடும்பமா உக்காந்து ஒரே ஒரு செட்டைத் தேர்ந்தெடுங்க, வாரத்துல ஒரு நாளாவது ஓடுற செட்டா இருக்கட்டும். மிச்சத்தை விக்கலாம்.

விக்கும்போது

வருஷக்கணக்கா தூங்கின வால்வு ரேடியோவை நேரா பிளக்ல சொருகாதீங்க. உள்ள 200 வோல்ட்டுக்கு மேல டிசி ஓடும், ஸ்விட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல ஷாக் இருக்கும். சீரிஸ் பல்ப் போர்டு வச்சிருக்கிற மெக்கானிக்கிட்ட கொடுத்து உயிர் இருக்கான்னு பாருங்க. சென்னை வானொலி மீடியம் வேவ் 720 கிலோஹெர்ட்ஸ்ல பேசுச்சுன்னா அதை அப்படியே வீடியோ எடுங்க. "நல்ல கண்டிஷன்"னு பத்து வரி எழுதுறதை விட, ஓடுற சத்தம் கேக்குற முப்பது செகண்டு வீடியோ நல்ல விலை வாங்கித் தரும்.

பெல்ட் மாத்துறது, குமிழ் சுத்தம் பண்றது மாதிரி சில நூறு ரூபாய் ரிப்பேர் பண்ணலாம். கேபினெட் பாலிஷ், எல்லா கெப்பாசிட்டரையும் மாத்துறது எல்லாம் வேணாம், போட்ட காசு பெரும்பாலும் திரும்பாது. விலை பார்க்கும்போது, விளம்பரத்துல கேக்குற விலையைப் பார்க்காதீங்க, வித்து முடிஞ்ச விலையைப் பாருங்க. ரெண்டு வருஷமா விக்காம கிடக்கிற விளம்பரத்துல எழுதியிருக்கிறது ஒருத்தரோட ஆசை மட்டும்தான். ஓடலைன்னாலும் பார்க்க அழகா இருக்கிற செட்டுகளுக்கு இன்னொரு வழி இருக்கு. வடபழனி, சாலிகிராமம் பக்கம் சினிமா செட்டுக்குப் பொருள் வாடகைக்கு விடுறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

ரெண்டு மோசடி பற்றிச் சொல்லியே ஆகணும். "உங்க பழைய ரேடியோவுல சிவப்பு பாதரசம் இருக்கு, லட்சக்கணக்குல எடுத்துக்கிறோம்" அப்படின்னு யாராவது வந்தா கதவைச் சாத்துங்க. அப்படி ஒரு பொருளே இல்லை. 2009-ல் சவுதி அரேபியாவில் இதே புரளி பழைய சிங்கர் தையல் மெஷின் மேல கிளம்பி, விலை தாறுமாறா ஏறுச்சு. அடுத்தது, பொருளைப் பார்க்காமலே ஓகே சொல்லி, பணம் அனுப்புறேன்னு க்யூஆர் கோடு அனுப்புறவர். பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டுச்சுன்னா உங்க பணம் வெளிய போகுதுன்னு அர்த்தம்.

வரி? சொந்த உபயோகத்துக்கு வச்சிருந்த ரேடியோ, டெக் மாதிரி அசையும் பொருள் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தில் வராது. அதனால வித்த லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. நகை, ஓவியம், சிற்பத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனா வாங்கி வாங்கி விக்க ஆரம்பிச்சா அது வியாபார வருமானம், ரிட்டர்ன்ல காட்டணும்.

எதுவும் போகாத மிச்சத்தை காயலான் கடையில எடைக்குப் போடுறதுதான் நம்ம வழக்கம். உள்ள ஈயப் பத்த வைப்பு இருக்கு. தாமிரத்துக்காக வயரை எரிச்சா அந்தப் புகை நம்ம தெருவுக்கேதான் வரும், மணலி காத்துக்கு அது கூடுதல் போனஸ். 2022 இ-கழிவு விதிகள்படி பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்பலாம். சில நிறுவனங்கள் மொத்தமா இருந்தா வீட்டுக்கே வந்து எடுத்துப்பாங்க, அதனால பக்கத்து வீட்டு ஓடாத டிவியையும் சேர்த்துக்கோங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி பின்பக்க மூடியைத் திறந்து, ஒழுகின பேட்டரியை எடுத்துத் தனியா வைங்க. டெக்குக்குள்ள கேசட் ஏதாவது மாட்டியிருக்கான்னும் ஒரு தடவை பார்த்துடுங்க.