சோனகத் தெருவும் அதன் பள்ளிவாசல்களும்



புத்தளத்திலும் கற்பிட்டியிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் பாட்டனார் சொல்லும் ஒரு கதையாகவே இருக்கின்றது. ஆயினும் அங்கே சோனகத் தெரு என்றொரு மண் இருக்கின்றது. மிருசுவில் அருகேயுள்ள உசனிலும் பின்னர் நல்லூரிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் இடம்பெயர்ந்து வந்தனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நவரத்தினத் திருப்புகழ் பாடிய அசனாலெப்பைப் புலவர் யாழ்ப்பாணத்து முஸ்லிமே என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்?

இச்சிறு சமூகம் சாவகச்சேரியிலும் நயினாதீவிலும்கூடப் பரவி வாழ்ந்தது. நாக விகாரையும் நாகபூசணி அம்மன் கோயிலும் உள்ள அத்தீவில் ஒரு பள்ளிவாசலும் உண்டு.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகிலிருந்த ஜின்னா மைதானத்தில் கூட்டி, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு பணித்தனர். உடுதுணி சிலவும் சொற்பப் பணமும் மட்டுமே கையில் அனுமதிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலுமிருந்து அவ்வாறு விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பின்னாளில் பல வீடுகளின் கூரையும் கதவும் நிலையும் கழற்றப்பட்டன. பள்ளிவாசல்கள் ஜமாஅத் இன்றிக் கிடந்தன. கல் இடிவதைவிட ஸப்பு இல்லாத பள்ளிவாசல் மனத்தை அதிகம் வருத்துவது, அதைக் கண்டவர்களுக்கே தெரியும்.

2002 இன் யுத்தநிறுத்தத்தின்போதும், 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் சில குடும்பங்கள் திரும்பின. அவர்கள் கண்டது வெறும் சுவர்களை மட்டுமன்று. பிறர் கையிலிருந்த காணிகளையும்தான். இங்கே ஒன்றை உணர வேண்டும். பள்ளிவாசல் வக்பு சொத்து. 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ்ப் பதியப்பட்ட பள்ளிவாசலுக்கு நம்பிக்கையாளர் சபை உண்டு. வீட்டுக்கோ நீங்களே காவல். பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவர் உரிமை கோரக்கூடும் என்பது நாட்டின் காலாவதிச் சட்டம். யுத்தத்தால் வழக்காட இயலாதவர்களுக்காக 2016 இன் 5 ஆம் இலக்க விசேட சட்டம் வந்தது. அதுவும் குறித்த காலத்துக்குள் வழக்குத் தொடுத்தோருக்கே உதவிற்று.

ஆகையால் பெற்றோர்களே, உறுதிப் பத்திரம் எந்த அலுமாரியில் இருக்கின்றது, எந்த ஒழுங்கையில் உங்கள் வளவு, கிணறு எவருடன் பங்கு, கபுரடியில் உங்கள் மூத்தோர் எங்கே அடங்கியுள்ளனர் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி, ஒரு கொப்பியில் எழுதச் செய்யுங்கள். பிள்ளைகளே, அடுத்த விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு வாப்பாவுடன் ஒருமுறை சோனகத் தெருவுக்குச் சென்று, அங்கே ஒரு வக்துத் தொழுகையில் கலந்துகொள்ளுங்கள்.