அமைவுக் கோப்பிலுள்ள கடவுச்சொல்லை நிரல் வாசிப்பது எப்படி?

நாம் எழுதும் நிரல் சில வேளைகளில் தானாகவே இன்னொரு கணினிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மின்னஞ்சல் வழங்கியிலிருந்து கடிதங்களை எடுக்கவேண்டும், அல்லது தரவுத்தளமொன்றிலிருந்து பட்டியலைப் பிரதி செய்யவேண்டும். அந்நேரத்தில் விசைப்பலகைக்கு முன்னால் எவரும் இருக்கமாட்டார்கள். ஆகவே பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் முன்கூட்டியே எங்காவது எழுதி வைத்தேயாக வேண்டும். எங்கே எழுதுவது, நிரல் அதை எப்படி வாசிப்பது என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

நிரலுக்குள் ஏன் எழுதக்கூடாது?

இலகுவான வழி, கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே ஒரு வரியாக எழுதிவிடுவது. ஆனால் நிரல் என்பது ஒருவரோடு நிற்பதில்லை. நண்பருக்குப் போகும், அலுவலகத்துக்குப் போகும், இணையக் களஞ்சியத்துக்கும் போகும். அதனோடு கடவுச்சொல்லும் போகும்.

2016இல் உபர் நிறுவனத்துக்கு நேர்ந்தது இதுதான். அதன் பொறியியலாளர்கள் கிட்ஹப்பில் வைத்திருந்த தனிக் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்கள், அங்கே நிரலோடு கிடந்த அமேசான் சேமிப்பகத்தின் சாவியை எடுத்து, ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேரின் தரவுகளைப் பிரதி செய்தார்கள். 2017 நவம்பரில்தான் உபர் இதை வெளியிட்டது. கனடாவில் மட்டும் 8,15,000 பேர்வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே பின்னர் தெரிவித்தது.

எங்கள் ரொறொன்ரோவிலும் இதற்கு உதாரணம் உண்டு. இங்கு நிர்வாக அலுவலகத்தைக் கொண்ட ஸ்கோஷியா வங்கியின் உள் நிரல்களும், சில தரவுத்தளங்களுக்கான கடவுச்சொற்களும் கிட்ஹப்பில் எவரும் பார்க்கக்கூடியவாறு திறந்து கிடந்ததை 2019 செப்டெம்பரில் 'த ரெஜிஸ்டர்' இதழ் வெளிப்படுத்தியது. பெரிய வங்கிக்கே இந்நிலை என்றால், ஓய்வுநேரத்தில் நிரலெழுதும் நாம் எம்மாத்திரம்?

பாவனையாளரின் சொந்தக் கோப்பு

ஆகவே கடவுச்சொல்லை நிரலிலிருந்து பிரித்து, பாவனையாளரின் சொந்த அடைவில் தனிக் கோப்பாக வைக்கும் வழக்கம் வந்தது. யுனிக்ஸ் உலகில் இதற்குப் பழைய உதாரணம் 'நெட்ஆர்சி' என்னும் கோப்பு. எஃப்டிபி நிரலுக்காக ஏற்பட்ட இதன் அமைப்பு மிக எளிது: எந்த வழங்கி, எந்தப் பயனர்பெயர், எந்தக் கடவுச்சொல் என்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கேர்ள் நிரல் இன்றும் இதை வாசிக்கும்; பைதனில் இதற்கென்றே ஒரு கூறு உண்டு. வழங்கியின் பெயரைக் கொடுத்தால் அதற்குரிய பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் திருப்பித்தரும்.

இவ்விடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்கலாம். கடவுச்சொல்லை ஏன் அப்படியே எழுத்தில் வைக்கவேண்டும், மறைகுறியாக்கி வைத்தால் என்ன?

1960களில் எம்ஐடியில் இயங்கிய சிடிஎஸ்எஸ் என்னும் கணினி அமைப்பில், கடவுச்சொற்கள் எல்லாம் ஒரே கோப்பில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. ஒருநாள் அக்கோப்பும் அன்றைய அறிவித்தல் கோப்பும் தவறுதலாக இடம் மாறிவிட, உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சாகி வந்தன! ரொபேர்ட் மொரிஸும் கென் தொம்சனும் 1979இல் எழுதிய கட்டுரையில் இச்சம்பவத்தைக் கூறி, யுனிக்ஸில் கடவுச்சொல்லை மீட்க முடியாதபடி ஒருவழியாக உருமாற்றி வைக்கும் முறையை விளக்கினார்கள்.

ஆனால் அது வழங்கியின் பக்கத்துக்கே பொருந்தும். வழங்கி ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். மூலச்சொல் அதற்குத் தேவையில்லை. எமது நிரலோ வாசலில் நின்று சொல்லவேண்டிய பக்கம். அதற்கு மூலச்சொல் வேண்டும். மறைகுறியாக்கினால், அதை விடுவிக்கும் சாவியை எங்கே வைப்பது? அதே கணினியில் வைத்தால், பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டியின் மேலேயே வைத்த கதைதான். ஆகவே இங்கே பாதுகாப்பு மூன்று விடயங்களில் தங்கியிருக்கிறது: கோப்பை யார் வாசிக்கலாம், வாசிக்கும் நிரல் எப்படி நடந்துகொள்கிறது, அக்கடவுச்சொல்லால் எவ்வளவு செய்யமுடியும்.

வாசிக்கும் முறை

முதலில் அனுமதி. லினக்ஸில் அக்கோப்பின் அனுமதி எண் 600 ஆக இருக்கவேண்டும். 6 என்பது உரிமையாளர் வாசிக்கலாம், எழுதலாம் என்பதைக் குறிக்கும். அடுத்த இரண்டு 0களும் குழுவினருக்கும் ஏனையோருக்கும் ஒன்றுமில்லை என்பதை. நிரல் கோப்பைத் திறந்ததும் இதைச் சோதித்து, தளர்வாக இருந்தால் வாசிக்க மறுக்கவேண்டும். போஸ்ட்கிரெஸ் தனது கடவுச்சொல் கோப்பின் அனுமதி தளர்வாக இருந்தால் அதைப் பொருட்படுத்தாமலே விட்டுவிடும். எஸ்எஸ்எச் நிரலும் பிறர் வாசிக்கக்கூடிய அந்தரங்கச் சாவியை ஏற்காது. இம்மறுப்பைத் தொல்லையென்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் பாவனையாளருக்கு நாம் செய்யும் முதல் உதவி அதுவே.

இரண்டாவது, கோப்பின் இடம். பாவனையாளரின் அடைவு எதுவென்று இயங்குதளத்திடம் கேட்டு அறியவேண்டும். நிரல் இயங்கும் அடைவில் தேடினால், கையால் இயக்கும்போது சரியாக இருக்கும். இரவில் கிரொன் இயக்கும்போது கோப்பு கிடைக்காது. நிர்வாகியின் பெயரில் இயக்கினால் சொந்த அடைவும் மாறிவிடும்.

மூன்றாவது, பிரித்தெடுத்தல். நல்ல கடவுச்சொல்லில் சமக்குறியும் சதவீதக்குறியும் இருக்கக்கூடும். வரியைச் சமக்குறியில் பிரிப்பதானால் முதலாவது குறியில் மட்டும் பிரிக்கவேண்டும். பைதனின் அமைவுக் கோப்பு வாசிப்பான் சதவீதக்குறியைத் தனக்கான குறியென்று எண்ணி வழு காட்டும். அந்த வசதியை நிறுத்திவிட்டே வாசிக்கவேண்டும். வரியின் முடிவிலுள்ள புதுவரி எழுத்தை நீக்க மறந்தால், சரியான கடவுச்சொல்லே பிழையென்று திரும்பி வரும். நிரல் விடாமல் முயன்றால் கணக்கே பூட்டப்பட்டுவிடலாம்.

நான்காவது, வாசித்தபின் வாய்மூடி இருத்தல். வழுச்செய்தியில் கோப்பின் எந்த வரி பிழை என்று எண்ணைச் சொன்னால் போதும், வரியை அச்சிடக்கூடாது. பதிவுக் கோப்பில் கடவுச்சொல் விழக்கூடாது. அதை ஆணைவரியில் இன்னொரு நிரலுக்குக் கொடுத்தால், அக்கணினியிலுள்ள ஏனையோரும் நிரற்பட்டியலில் அதைப் பார்க்கக்கூடும்.

எவ்வளவு அதிகாரம்?

நான் வசிக்கும் வெக்ஸ்போர்ட் பகுதியில், லோரன்ஸ் அவெனியூ நெடுகிலும் எம்மவர் கடைகளும் சிறு அமைப்புகளும் பல. அப்படியான ஒரு சங்கத்தின் நிரலை அண்மையில் பார்க்க நேர்ந்தது. உறுப்பினர் பட்டியலை இரவுதோறும் பிரதி செய்யும் சிறு நிரல் அது. கடவுச்சொல் அதற்குள்ளேயே இருந்தது. பல தொண்டர்களின் மடிக்கணினிகளில் அதன் பிரதிகள் இருந்தன. பட்டியலில் இருந்தவையோ வீட்டு முகவரிகளும் தொலைபேசி எண்களும். ஊரில் இருக்கமுடியாமல் வந்து, தன் முகவரி எவருக்கும் தெரியக்கூடாது என்று வாழ்பவர் அதில் ஒருவர் இருந்தாலும் போதும், இது வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை அல்ல.

அங்கே செய்த திருத்தம் சிறியது. ஒவ்வொரு தொண்டருக்கும் தனிக் கணக்கு, தனிக் கோப்பு. இரவுப் பிரதிக்கான கணக்கு வாசிக்க மட்டுமே முடியும். எழுதவோ அழிக்கவோ முடியாது. ஒருவர் விலகினால் அவரது கணக்கை மட்டும் நீக்கினால் போதும். கிட்ஹப்பும் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கடவுச்சொல்லை ஏற்பதை நிறுத்தி, எல்லை வகுக்கக்கூடிய அடையாளச் சொற்களையும் எஸ்எஸ்எச் சாவிகளையுமே கேட்கிறது. காரணம் இதைப் போன்றதே.

பாவனையாளர் எதிரில் இருந்து இயக்கும் நிரலாயின், விண்டோஸ், மக் இயங்குதளங்களிலுள்ள கடவுச்சொல் பெட்டகத்தைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது. அவர் உள்நுழையும்போதுதான் அது திறக்கும் என்பதால், மேலே சொன்ன சாவிப் பிரச்சினை பெருமளவு தீர்கிறது.

கடைசியாக, கோப்பு எப்படியோ களஞ்சியத்துக்குள் போய்விட்டால் என்ன செய்வது? பலரும் கோப்பை அழித்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். கிட் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். அழித்த கோப்பும் அதில் இருக்கும். ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், அதன்பின் வரலாற்றைத் துப்புரவு செய்யுங்கள். இனிமேல் அப்படி நேராதிருக்க, உண்மைக் கோப்பின் பெயரைக் கிட்டின் விலக்குப் பட்டியலில் சேர்த்து, இடங்கள் வெறுமையாக விடப்பட்ட மாதிரிக் கோப்பை மட்டும் நிரலோடு கொடுங்கள். அடுத்து வருபவர் அதைப் பார்த்துத் தன்னுடையதை எழுதிக்கொள்வார்.