பராதைரொயிட்டுப் பாதுகாப்பு: கைத்திறனும் அறிவும்

மருத்துவ வரலாற்றைத் தனிமனித மேதைமையின் வரலாறாக எழுதும் வழக்கம் இன்னும் நிலைத்துள்ளது. தைரொயிட்டுச் சத்திரசிகிச்சையின் வரலாறு அவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது.

தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டிப் பெரும்பாலும் நான்கு பராதைரொயிட்டுச் சுரப்பிகள் உள்ளன. பருப்பளவேயான இவை குருதியின் கல்சிய அளவைப் பேணுவன. சத்திரசிகிச்சையின்போது இவை அகற்றப்பட்டாலோ குருதியோட்டத்தை இழந்தாலோ உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறைப்புத் தோன்றும், தசைவலிப்பு உண்டாகும், குரல்வளை இறுகி உயிராபத்தும் நேரலாம்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கண்டக்கழலையை அறுத்தகற்றிய இருவரை ஒப்புநோக்குவோம். வியன்னாவில் பில்றொத்தின் நோயாளர் சிலர் தசைவலிப்புக்குள்ளாயினர். பேர்ணில் கோக்கரின் நோயாளருக்கு அது அரிதாகவே ஏற்பட்டது. தைரொயிட்டை முற்றாக இழந்தமையால் அவர்களுட் பலர் உடல் வீங்கி, அறிவு மந்தமுற்றனர். இவ்வேறுபாட்டின் காரணத்தை அமெரிக்கரான ஹால்ஸ்டெட் பின்னர் செய்முறையிற் கண்டார். கோக்கர் குருதிப்பெருக்கைத் தடுத்து நுணுக்கமாக அறுத்தார். பில்றொத் விரைந்து அறுத்தார். எனினும், அக்காலத்தில் தாம் எதனைக் காத்தோம் என்பதைக் கோக்கரோ, எதனை இழந்தோம் என்பதைப் பில்றொத்தோ அறிந்திலர்.

மனிதரில் இச்சுரப்பிகளை உப்சாலா மருத்துவ மாணவரான சண்ட்ஸ்ற்றோம் 1880இலேயே விவரித்திருந்தார். சுவீடிய மொழியிலே, உள்ளூர் மருத்துவ சங்கத்தின் ஏட்டில் வெளியான அக்கட்டுரை உரிய கவனத்தைப் பெறவில்லை. அறிவு தோன்றுவது போலவே அது பரவுவதும் சமூக நிலைமைகளுக்கு உட்பட்டது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1907இல் ஹால்ஸ்டெட்டும் எவன்ஸும் இச்சுரப்பிகளின் குருதி வழங்கலை ஆராய்ந்து, கைத்திறனாக மட்டும் இருந்ததற்கு அறிவின் வடிவத்தை அளித்தனர். அதன் வழிவந்ததே இன்றைய முறை: நாடியை அடிப்பகுதியிற் கட்டாது, தைரொயிட்டின் உறையை ஒட்டி அதன் சிறு கிளைகளை மட்டும் கட்டுதல், பராதைரொயிட்டை இருந்த இடத்திலேயே குருதியோட்டத்துடன் விட்டுவைத்தல், அது இயலாதபோது அதனைச் சிறு துண்டுகளாக்கிக் கழுத்துத் தசையினுள் பதித்தல். செந்நிறத்துக்கு அப்பாலான ஒளியில் இச்சுரப்பிகள் தாமாகவே ஒளிர்தலும் இன்று பயன்படுத்தப்படுகின்றது; எனினும், இடத்தைக் காட்டும் அவ்வொளிர்வு குருதியோட்டம் எஞ்சியுள்ளதா என்பதைக் காட்டாது.

ஆகவே, கருவி கைப்பயிற்சிக்கு ஈடாகாது. ஒருவரின் நுணுக்கம் பலரது பயிற்சியாகவும், சிகிச்சைக்குப் பிந்திய கல்சியப் பரிசோதனை எல்லா நோயாளருக்கும் எட்டுவதாகவும் அமைதல் வேண்டும். நோயாளியின் நலன் அவர் யாருடைய கத்திக்கு உட்பட நேர்ந்தது என்ற தற்செயலிலே தங்கியிருக்கும்வரை இவ்வரலாறு நிறைவுற்றதாகக் கொள்ள முடியாது என்பதே நமது கருத்தாகும்.