புழுதிக்குள் காத்திருக்கும் விதை

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவார்கள். புழுதி விதைப்பு என்பார்கள். உளுந்தும் சோளமும் பருத்தியும் பொட்டு ஈரமில்லாத மண்ணில் நாள்கணக்கில் கிடக்கும். பருவமழை இறங்கியதும் சில நாளில் சால் சாலாகப் பச்சை தெரியும். அதுவரை விதையைச் சாகாமல் வைத்திருப்பது எது?

செல்லுக்குள் நடக்கும் வேலை அநேகமாக எல்லாமே புரதங்களின் வேலை. 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிதான் புரதம். உரிய வடிவில் மடிந்தால்தான் பெரும்பாலான புரதங்கள் வேலை செய்யும். அந்த மடிப்பைத் தாங்குவது தண்ணீர். தண்ணீர் வற்றினால் மடிப்பு குலைந்து புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, அப்புறம் மீளாது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கினாலும் விதைக்கு மட்டும் அந்தக் கேடு வருவதில்லை.

காரணத்தின் நுனி முதலில் பிடிபட்டது பருத்தி விதையில்தான். காய் முற்றும் கடைசிக் கட்டத்தில் விதைக்கருவில் சில புரதங்கள் குவிவதை அமெரிக்காவில் லியான் டியூர் குழுவினர் 1981இல் கண்டார்கள். ‘லியா’ புரதங்கள் என்று பெயர். என்னை மலைக்கவைப்பது இவற்றின் குணம்: தண்ணீரில் இருக்கும்போது பலவற்றுக்கு நிலையான வடிவமே கிடையாது, காயக் காயத்தான் சுருளாக மடிகின்றன. மற்றப் புரதங்களுக்கு இடையில் நின்று அவை ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்றன. தூத்துக்குடி உப்பளங்களில் இருக்கிற ஆர்ட்டீமியா என்னும் சிற்றுயிரின் முட்டைகள் காய்ந்தும் பிழைத்திருப்பதில் இதே வகைப் புரதங்களுக்குப் பங்கு உண்டு.

மழை பெய்து விதை ஊறியதும் கதை மாறுகிறது. உளுந்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். நொதிகள் அதை வெட்டி முளைக்கு ஊட்டுகின்றன. வேர் நீள நீள லியா புரதங்கள் சிதைந்து, காய்ச்சலைத் தாங்கும் சக்தியும் போய்விடுகிறது. சம்சாரி பெருமழையைவிடத் தூறலுக்கு அஞ்சுவது இதனால்தான். தூறலில் முளைத்த பயிர் அடுத்த வெயிலில் கருகிவிடும். சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைப்பதும் அதற்காகவே. அவ்வளவு ஆழம் நனைக்க நல்ல மழை வேண்டும்.

மானாவாரிக்கு வேளாண் துறையினர் சொல்லும் விதை கடினப்படுத்துதலிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, பழையபடி நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். வேர்முனை எட்டிப் பார்ப்பதற்குள் உலர்த்திவிட வேண்டும்.