அறைக்குள் யார் அமரலாம்?

குடிநோயிலிருந்து மீள விரும்புவோர் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டங்கள் யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அறைக்குள் யார் அமரலாம், யார் பேசலாம் என்ற விதி மாறும்போது கூட்டத்தின் இயல்பே மாறிவிடுகிறது.

1935இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்குத் தரகு வட்டாரத்தைச் சேர்ந்த பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது பெயர் வெளியிடாத குடிநோயாளர் அமைப்பு, இரு வகைக் கூட்டங்களை நடத்துகிறது. திறந்த கூட்டத்துக்கு உறவினர், மாணவர், மருத்துவர் என எவரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்தும் விருப்பம் உடையோருக்கு மட்டுமே உரியது. அங்கே ஒருவர் தம் முதற்பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளி என்று அறிவித்து, தம் கதையைக் கூறும்போது வழக்கமாக யாரும் குறுக்கிடுவதோ புத்தி சொல்வதோ இல்லை. வீட்டில் புத்திமதி கேட்டே சலித்துப்போனவருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது வெளியாருக்கு எளிதில் விளங்காது. வேறு சில கூட்டங்களில், மீட்சிக்கு இவ்வமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளில் ஒன்றையோ 1939இல் வெளிவந்த அதன் அடிப்படை நூலின் ஒரு பகுதியையோ வாசித்து விவாதிக்கிறார்கள். குடும்பத்தாருக்கென 1951இல் அமைந்த அல்-அனான் தனியாகக் கூடுவதால், கணவர் பேசுவதை மனைவியோ மனைவி பேசுவதைக் கணவரோ பெரும்பாலும் கேட்பதில்லை.

ஜப்பானில் 1963இல் தேசிய அளவில் ஒன்றிணைந்த டான்ஷுகாய் எனும் மதுவிலக்குச் சங்கங்கள் இப்பிரிவினையை ஏற்கவில்லை. உறுப்பினர் பெயரை மறைப்பதில்லை, சந்தா செலுத்துகிறார், மனைவியுடன் வருகிறார். அவர் தம் குடிநாட்களைச் சொல்லி முடித்தபின், அதே நாட்கள் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பதை மனைவி அவர் முன்னிலையிலேயே சொல்கிறார். வசதியாக மறந்துபோனவை அப்போது சபையேறிவிடும் என்பதால், நேர்மையைப் பொறுத்தவரை இம்முறையே கடினமானது எனலாம்.

பன்னிரண்டு படிகளில் வரும் இறைநம்பிக்கை சார்ந்த பேச்சு ஒத்துவராதவர்கள் ஸ்மார்ட் ரிகவரி கூட்டங்களை நாடுகிறார்கள். அவற்றை நடத்துபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டுமே தவிர, முன்னாள் குடிநோயாளியாக இருக்க வேண்டியதில்லை. குடிப்பதாலும் நிறுத்துவதாலும் வரும் நன்மை தீமைகளை நான்கு கட்டங்களில் எழுதிப் பார்ப்பது அங்கே வழக்கமான பயிற்சி.

27 ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, பன்னிரண்டு படிக் கூட்டங்களில் சேர முறையாக வழிகாட்டப்பட்டவர்கள், பிற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களைவிடத் தொடர்ந்து குடிக்காமல் இருப்பது அதிகம் எனக் காட்டியது. எனினும் நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், முதல் நாட்களுக்கு மருத்துவக் கண்காணிப்பு தேவை.

மருத்துவரே முன்கை எடுத்த கூட்டங்களும் உண்டு: 1964இல் இன்றைய குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் மனநல மருத்துவர் விளாதிமிர் ஹுடோலின் தொடங்கிய மன்றங்களில் முழுக் குடும்பங்களே உறுப்பினர்கள், பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேல் சேர்ந்தால் மன்றம் இரண்டாகப் பிரிய வேண்டும்.