நிலந் துடைக்கும் நிர்வாகிகள்

சனசமூக நிலையக் காரியதரிசியை நம் கிராமங்களில் அறியாதார் இலர். பத்திரிகைகளை அடுக்குவதும், உரத்துப் பேசுவோரை அடக்குவதும், இரவிற் கதவைப் பூட்டுவதும் அவர் கடன். சம்பளம் கிடையாது, வசை தாராளமாகக் கிடைக்கும். இணையத்திற் கூடும் சமூகங்களுக்கும் இத்தகைய காரியதரிசிகள் உளர். அவர்தம் தகுதியும் பொறுப்பும் யாவை என ஆராய, நமக்கு அண்மையிலுள்ள தமிழ் விக்கிப்பீடியாவையே எடுத்துக்கொள்கிறேன்.

2003 இல் தோன்றிய இக்கலைக்களஞ்சியத்தைத் தொடக்கந்தொட்டு வளர்த்தோருள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். 2017 இற் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைக் கடந்தன. எவரும் எழுதலாம்; எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். வளர்ச்சிக்குக் காரணமான இவ்வுரிமையே வழக்குகளுக்கும் காரணம்.

சக பயனரின் இசைவு பெற்ற நிர்வாகிகள் பக்கத்தை நீக்கலாம்; பூட்டலாம்; ஒருவரை எழுதவிடாது தடுக்கலாம். ஆங்கில விக்கிப்பீடியர் இவ்வதிகாரத்தை நிலந் துடைக்கும் தடி என வேடிக்கையாகக் குறிப்பர். தலைமைத்துவம் பற்றிய பெரு நூல்களினும் இவ்வேடிக்கை எனக்கு உவப்பானது.

கிறுக்கிவிட்டு ஓடும் சிறுவனைச் சமாளிப்பது எளிது. பிறர் ஆக்கத்தைத் திருடி இட்டாலும், உயிரோடிருப்பவர்மீது ஆதாரமின்றி அவதூறு எழுதினாலும் தாட்சணியம் பாராது நீக்கவேண்டும். இடர்ப்பாடு நல்லவர் இருவர் மோதும்போதே எழுகிறது. கனடா நகரொன்றை ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என எழுதுவர். தமிழகத்தவர் ‘டொராண்டோ’ என்பர். இருவரும் பள்ளியிற் கற்றதையே எழுதுகின்றனர். ஒருவர் மாற்ற, மற்றவர் மீட்க, பக்கம் ஊஞ்சலாடும். பூட்டிவிட்டாற் சண்டை அக்கணமே ஓயும். ஆயினும் அவ்வேளையில் நின்ற எழுத்து எதுவோ, அக்கட்சி வென்றதாகவே மற்றவர் கொள்வர். தேர்ந்த நிர்வாகி இருவரையும் உரையாடற் பக்கத்துக்கு அழைப்பார்; ஒரு வடிவைத் தலைப்பாக வைத்து, மற்றதைத் தேடி வருவோரும் அங்கேயே சேருமாறு வழிமாற்று அமைப்பார். தாமே ஒரு கட்சியில் நிற்பாராயின், அதிகாரத்தைத் தாம் தொடாது வேறொருவரை அழைப்பார். இதுவே கடினம் என்பது என் அபிப்பிராயம். தம் எழுத்துக்கூட்டலிற் பற்றில்லாத தமிழர் யார்?

பிறிதொன்றும் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் ஊரின் குளத்தைப் பற்றி எழுதுகிறார் என்க. சான்று காட்டவில்லை. சில நிமிடங்களிற் பக்கம் மறைகிறது. வரண்ட அறிவித்தலொன்று எஞ்சுகிறது. விதிப்படி நிர்வாகி செய்தது சரியே. நீக்கிய பக்கத்தை மீட்கலாம். நீக்கியவர் பெயர், நாள், நேரம் யாவும் பதிவேட்டில் உள. மனம் வெறுத்துச் சென்ற அம்மையாருக்கோ அங்கு பதிவில்லை. நாளை அக்குளத்தைப் பற்றி எழுத வேறொருவர் இருப்பாரா?

அவர் எழுதியதை அவரது பயனர்வெளிக்கு நகர்த்தி வைக்கலாம். ஈழத்து நூல்களையும் மலர்களையும் எண்ணிம வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்தின் தளத்தில், அவ்வூர்ப் பாடசாலை மலரோ கோவில் மலரோ உண்டா எனத் தேடிப் பார்க்கும்படி, ஆசிரியைக்கு இரண்டு வரி எழுதலாம். ஐந்து நிமிட வேலை.